மீன்ல நோய் எதிர்ப்பு செல்களை ஜீன் மார்க்கர் வெச்சு அடையாளம் காண்றது எப்படி

எலி செல்லோட வேலை பாத்து பழகினவங்க மீன் பக்கம் வந்ததும் முதல்ல தேடறது சிடி4 ஆன்டிபாடி, சிடி8 ஆன்டிபாடி (டி செல்லோட ரெண்டு வகையை பிரிச்சு காட்ட அதோட மேல்பரப்பு புரோட்டீன்ல போய் ஒட்டறது), கேட்டலாக்கை முழுசா புரட்டினாலும் அவங்க கையில இருக்கற மீனுக்கு ஒண்ணும் கிடைக்காது. ரெயின்போ ட்ரவுட், சால்மன், கெண்டை, சேனல் கெளுத்தி மாதிரி நிறைய பேர் வேலை பண்ணின மீன்களுக்கு கொஞ்சம் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே ஒரு இலக்குல மட்டும் ஒட்டறது) இருக்கு, மத்த ஆயிரக்கணக்கான இனத்துக்கு கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. மனுஷனுக்கோ எலிக்கோ பண்ணின ஆன்டிபாடியை மீன் மேல போட்டா பெரும்பாலும் ஒட்டாது, ஏன்னா நோய் எதிர்ப்பு செல்லோட மேல்பரப்பு புரோட்டீன்கள் ரொம்ப வேகமா மாறிட்டே வந்திருக்கு. ஒட்டின மாதிரி தெரிஞ்சாலும் அது எதுல ஒட்டிச்சுன்னு நிரூபிக்கற வரைக்கும் அதை நம்ப முடியாது. அதனால நமக்கு கையில மிஞ்சறது ஜீன் தான், அதாவது எந்த செல் எந்த எம்ஆர்என்ஏவை (ஜீனோட வேலை நகலை) உருவாக்குதுன்னு பாத்து அது என்ன செல்லுன்னு சொல்றது.

இதை புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு முதல்லயே ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லிடறேன். "இந்த ஜீன் இருந்தா இந்த செல்"னு ஒத்தைக்கு ஒத்தையா ஒரு பட்டியல் மீன்ல செல்லாது. ஒரு செல்லை பேர் சொல்லி கூப்பிடணும்னா அதுல ரெண்டு மூணு ஜீன் இருக்கணும், கூடவே ஒண்ணு ரெண்டு ஜீன் இல்லாமலும் இருக்கணும். இல்லாததை பாக்கறதை தான் நிறைய பேர் விட்டுடறாங்க, குழப்பம் பூரா அங்க இருந்து தான் வருது.

முதல்ல எந்த உறுப்புல பாக்கணும்

மீனுக்கு எலும்பு மஜ்ஜையில ரத்த செல் உருவாகறதில்ல, நிணநீர் முடிச்சும் கிடையாது. வளர்ந்த மீன்ல ரத்த செல் உற்பத்தி நடக்கற இடம் சிறுநீரகத்தோட முன்பகுதி, அதைத்தான் ஹெட் கிட்னின்னு சொல்றோம். ஜீப்ராஃபிஷ் மாதிரி சின்ன மீன்ல முழு கிட்னியையும் எடுத்து கிட்னி மேரோன்னே சொல்வாங்க. டி செல் (மத்த செல்லை ஏவற, கிருமி புகுந்த செல்லை கொல்ற வெள்ளை அணு) முதிர்றது தைமஸ்ல, மண்ணீரல்ல பி செல்லும் (ஆன்டிபாடி உருவாக்கற வெள்ளை அணு) மேக்ரோஃபேஜும் (கிருமியை விழுங்கற வெள்ளை அணு) நிறைய, செவுள், குடல், தோல் மூணும் தனி உலகம்.

இதுல கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் மீனோட சிவப்பு அணுவுக்கும் த்ராம்போசைட்டுக்கும் (ரத்தத்தை உறைய வைக்கற செல்) நியூக்ளியஸ் இருக்கு, ஆர்என்ஏவும் இருக்கு. பாலூட்டி ரத்தத்துல சிவப்பு அணுவை லைசிஸ் பஃபர் போட்டு உடைச்சு கழுவிட்டு போயிடலாம், இங்க அப்படி பண்ணா உடைஞ்ச நியூக்ளியஸ்ல இருந்து டிஎன்ஏ வெளிய வந்து எல்லா செல்லையும் சேர்த்து கட்டியாக்கிடும். அதனால பெர்கால் மாதிரி திரவத்துல போட்டு அடர்த்தி வித்தியாசத்துல பிரிக்கறது தான் நல்லது. செவுளோ கல்லீரலோ எடுக்கறதா இருந்தா முதல்ல ஹெபரின் கலந்த சலைனை இதயம் வழியா ஓட்டி ரத்தத்தை வெளியேத்திடுங்க, இல்லைன்னா நீங்க அளக்கறது செவுளா ரத்தமா யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, தைமஸ் செவுள் குழிக்குள்ள மேல் பக்கம் ஒட்டிட்டு இருக்கு. செவுள் வெட்டும்போது கத்தி கொஞ்சம் மேல போச்சுன்னா தைமஸ் துண்டு கூடவே வந்துடும், அப்புறம் "செவுள்ல சிடி8 அள்ளிக்கிட்டு இருக்கு"ன்னு ரிசல்ட் வரும். இதை கண்டுபிடிக்க சுலபமான வழி ராக்1 ஜீனையும் சேர்த்து ஓட்டறது. ராக்1 இன்னும் முதிராத லிம்போசைட்ல (டி செல், பி செல் வம்சம்) தான் அதிகம், செவுள் சாம்பிள்ல ஒரு மீன்ல மட்டும் ராக்1 எகிறி நின்னா அந்த சாம்பிள்ல தைமஸ் கலந்திருக்குன்னு முதல் சந்தேகம் வரணும்.

பேர் ஒண்ணா இருந்தா ஜீன் ஒண்ணா?

டெலியோஸ்ட் (இங்க பேசற எலும்பு மீன்கள் எல்லாம் இதுல அடங்கும்) மீன்களோட மூதாதைல முழு ஜீனோமும் ஒரு தடவை இரட்டிச்சிருக்கு, சால்மன் ட்ரவுட் குடும்பத்துல அதுக்கு மேல இன்னொரு தடவை, சாதா கெண்டைல தனியா இன்னொரு தடவை. அதனால மனுஷன்ல ஒரு ஜீன் இருந்தா இங்க ரெண்டு, நாலுன்னு இருக்கலாம். சிடி4 எடுத்துக்கோங்க, மீன்ல சிடி4-1, சிடி4-2ன்னு இருக்கு, சில மீன்ல சிடி4-2வே ஏ, பின்னு ரெண்டா பிரிஞ்சு இருக்கு. சிடி4-1க்கு பாலூட்டி மாதிரியே நாலு இம்யூனோகுளோபுலின் டொமைன், சிடி4-2க்கு அதை விட கம்மி. ரெண்டும் ஒரே செல்லுல இருக்கலாம், தனித்தனியாவும் இருக்கலாம். டேட்டாபேஸ்ல "சிடி4 மாதிரி"ன்னு பேர் போட்டிருந்தா அது எதுன்னு நீங்களே தான் பாக்கணும்.

பாக்கற வழி இது. மனுஷ புரோட்டீனை வெச்சு ப்ளாஸ்ட் (ஒத்துப்போற சீக்வன்ஸை தேடற டூல்) பண்ணாதீங்க, ஜீப்ராஃபிஷ் இல்ல ட்ரவுட் புரோட்டீனை வெச்சு உங்க மீனோட ஜீனோம்ல டிப்ளாஸ்ட்என் (புரோட்டீனை வெச்சு ஜீனோம்ல தேடற ப்ளாஸ்ட் வகை) ஓட்டுங்க. வர்ற ஹிட்டை எடுத்து திருப்பி ஜீப்ராஃபிஷ் புரோட்டீன்களுக்கு எதிரா ஓட்டி அதே ஜீன் தான் முதல்ல வருதான்னு பாருங்க. இது மட்டும் போதாது, ஏன்னா இம்யூனோகுளோபுலின் டொமைன் இருக்கற ஜீன் நூத்துக்கணக்குல இருக்கு, எல்லாமே ஒண்ணுக்கொண்ணு லேசா ஒத்துப்போகும். அடுத்தது அக்கம்பக்கம் பாக்கணும், என்சம்பிள் ஜீனோம் டேட்டாபேஸ்ல போய் அந்த ஜீனோட ரெண்டு பக்கமும் என்ன ஜீன் இருக்குன்னு பாருங்க. சிடி4க்கு பக்கத்துல லேக்3ன்னு ஒரு ஜீன் மனுஷன்லயும் இருக்கு, மீன்லயும் இருக்கு. சீக்வன்ஸ் எவ்வளவு மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரங்க அவ்வளவு சீக்கிரம் மாறறதில்ல, அதனால இந்த சாட்சிக்கு மதிப்பு அதிகம். மூணாவதா புரோட்டீனோட வால் பகுதியை பாருங்க, சிடி4 வால்ல எல்சிகேங்கற சிக்னல் கடத்தற கைனேஸ் நொதி வந்து பிடிச்சுக்கற மாதிரி சிஸ்டீன், ஏதாவது ஒரு அமினோ அமிலம், மறுபடி சிஸ்டீன்னு ஒரு வரிசை இருக்கணும். சிடி3 (டி செல் ரிசெப்டரோட துணை), சிடி79 (பி செல் ரிசெப்டரோட துணை) ரெண்டுக்கும் வால்ல ஐடாம் மோட்டிஃப் (சிக்னல் கடத்தற அமினோ அமில வரிசை) இருக்கணும். இந்த மூணும் ஒத்துப்போச்சுன்னா தைரியமா அந்த பேரை வெச்சுக்கலாம்.

அதுக்கு முன்னாடி உங்க மீன்ல அந்த ஜீன் இருக்கான்னே பாக்கணும், இது விளையாட்டா சொல்லலை. 2011ல அட்லாண்டிக் காட் மீனோட ஜீனோம் வெளிவந்தப்ப அதுல எம்எச்சி கிளாஸ் 2 (சிடி4 இருக்கற டி செல்லுக்கு கிருமி துண்டை காட்டற புரோட்டீன்), சிடி4, இன்வேரியன்ட் செயின் (கிளாஸ் 2வோட துணை புரோட்டீன்) மூணுமே காணாம போயிருந்தது தெரிஞ்சுது. அந்த மீன்ல சிடி4 ப்ரைமர் (அந்த ஜீனை பிசிஆர்ல பெருக்க வைக்கற சின்ன டிஎன்ஏ துண்டு) டிசைன் பண்ணி என்ன பிரயோஜனம்? பைப்ஃபிஷ்லயும் கிளாஸ் 2 பாதை உடைஞ்சு போயிருக்கு. சேனல் கெளுத்திலயும் மெடாக்காலயும் ஐஜிடௌங்கற ஆன்டிபாடி வகையோட ஜீனே இல்ல. அதனால "சிக்னல் வரலை"ன்னு ப்ரைமரை பத்து தடவை மாத்தறதுக்கு முன்னாடி ஜீனோமை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.

டி செல்

டி செல்லுக்கு நான் முதல்ல நம்பறது டி செல் ரிசெப்டரோட கான்ஸ்டன்ட் பகுதியும் சிடி3 எப்சிலானும். கூடவே சிடி3 ஜீட்டா, எல்சிகே, ஜாப்70 சேர்த்துக்கலாம், ஆனா ஜீட்டாவும் ஜாப்70உம் என்கே (நேச்சுரல் கில்லர்) செல்லுலயும் வரலாம்னு ஞாபகத்துல வெச்சுக்கணும். ஜீப்ராஃபிஷ்ல எல்சிகே ப்ரொமோட்டர் (ஜீன் எந்த செல்லுல ஓடணும்னு தீர்மானிக்கற பகுதி) போட்டு பச்சையா ஒளிர்ற மீன் 2004லயே வந்துடுச்சு, தைமஸ் பளிச்சுன்னு தெரியும், இன்னைக்கும் நிறைய லேப்ல அது தான் ஓடுது. ஆல்ஃபா பீட்டாவா காமா டெல்டாவான்னு பிரிக்கணும்னா அந்தந்த செயினோட கான்ஸ்டன்ட் பகுதிக்கு தனித்தனி ப்ரைமர் வேணும், வேரியபிள் பகுதில ப்ரைமர் வைக்கவே கூடாது, ஏன்னா அது செல்லுக்கு செல் மாறும்.

இப்ப சிடி4, சிடி8க்கு வருவோம். 2016ல ஜீப்ராஃபிஷ் சிடி4-1 ரிப்போர்ட்டர் மீன் (அந்த ஜீன் ஓடற செல் ஒளிர்ற மாதிரி பண்ணின மீன்) வந்தப்ப அதுல ஒளிர்ந்தது டி செல் மட்டும் இல்ல, மேக்ரோஃபேஜ் வகை செல்லும் ஒளிர்ந்துச்சு. சிடி8 ஆல்ஃபாவும் அப்படித்தான், ட்ரவுட்ல டென்ட்ரிட்டிக் செல் (டி செல்லுக்கு கிருமி துண்டை காட்டற செல்) மாதிரி நடந்துக்கற ஒரு கூட்டத்துல சிடி8 ஆல்ஃபா இருக்குன்னு காட்டியிருக்காங்க. அதனால சிடி4-1 இருக்கு, சிடி3 எப்சிலான் இருக்கு, மேக்ரோஃபேஜ் ஜீனான சிஎஸ்எஃப்1ஆர் இல்ல, அப்ப தான் அது ஹெல்ப்பர் டி செல். சிடி8 ஆல்ஃபா, சிடி8 பீட்டா, சிடி3 எப்சிலான் மூணும் சேர்ந்து இருந்தா தான் சைட்டோடாக்ஸிக் டி செல், பீட்டா இல்லாம ஆல்ஃபா மட்டும் இருந்தா அவசரப்பட்டு பேர் வெச்சுடாதீங்க. ரெகுலேட்டரி டி செல்லுக்கு ஜீப்ராஃபிஷ்ல ஃபாக்ஸ்பி3ஏ வேலை செய்யுது, அதையும் சிடி3 எப்சிலான், சிடி4-1 கூட சேர்த்து தான் பாக்கணும்.

பி செல்

மீன்ல ஆன்டிபாடி வகை மூணு, ஐஜிஎம், ஐஜிடெல்டா, ஐஜிடௌ. ஜீப்ராஃபிஷ்ல ஐஜிடௌவுக்கு ஐஜிஜீட்டான்னு பேர், ரெண்டையுமே 2005ல தனித்தனி குழு கண்டுபிடிச்சாங்க, அதனால தான் ரெண்டு பேர் ஓடுது. பாலூட்டி மாதிரி ஒரு பி செல் ஐஜிஎம்ல இருந்து வேற வகைக்கு மாறறது மீன்ல நடக்கறதில்ல, ஐஜிஎம் செல்லும் ஐஜிடௌ செல்லும் பிறவிலயே தனித்தனி கூட்டம். அதனால ஐஜிடௌ ஜீன் உங்க மீன்ல இருந்துச்சுன்னா கட்டாயம் ரெண்டுக்கும் தனி ப்ரைமர் போடுங்க, குடல், செவுள், தோல் வேலைன்னா ஐஜிடௌ இல்லாம பி செல் கதையே பாதி தான்.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா போகணும், ஏன்னா ஐஜிஎம்ல ஒரு நுணுக்கம் இருக்கு, அது தெரியாம பண்ணின அளவீடு எக்கச்சக்கம். ஐஜிஎம் மியூ செயின்ல சிஎச்1 தொடங்கி சிஎச்4 வரைக்கும் நாலு கான்ஸ்டன்ட் டொமைன். செல்லுக்கு வெளிய அனுப்பற வடிவத்துல நாலும் இருக்கும். செல் மேல்பரப்புல நிக்கற வடிவத்துல டெலியோஸ்ட் மீன்கள் ஒரு வித்தியாசமான ஸ்ப்ளைஸிங் (ஆர்என்ஏ துண்டுகளை வெட்டி ஒட்டறது) பண்ணுது, சவ்வுக்குள்ள போற டிஎம் எக்ஸான் (எக்ஸான்னா எம்ஆர்என்ஏவுல மிஞ்சற ஜீன் துண்டு) நேரா சிஎச்3 முடிவுல போய் ஒட்டிக்கும், சிஎச்4 விடுபட்டுடும். இது ப்ரைமர் வைக்கறவங்களுக்கு பெரிய வரம். ஃபார்வேர்டு ப்ரைமரை சிஎச்3லயும் ரிவர்ஸை டிஎம் எக்ஸான்லயும் வெச்சா மேல்பரப்பு வடிவம் மட்டும், ரெண்டையும் சிஎச்4க்குள்ள வெச்சா வெளிய போற வடிவம் மட்டும், சிஎச்1-சிஎச்2ல வெச்சா ரெண்டும் கலந்து வரும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னா, ஒரு பிளாஸ்மா செல் (ஆன்டிபாடி கொட்டறதுக்குன்னே மாறின பி செல்) ஆன்டிபாடி எம்ஆர்என்ஏவை சாதாரண பி செல்லை விட பல மடங்கு அதிகமா கொட்டும். தடுப்பூசி போட்டு சில வாரம் கழிச்சு மண்ணீரல்ல ஐஜிஎம் இருபது மடங்கு ஏறிச்சுன்னா பி செல் இருபது மடங்கு ஆச்சுன்னு அர்த்தம் இல்ல, கொஞ்சூண்டு பிளாஸ்மா செல் வந்திருந்தாலே அந்த எண் வந்துடும். எண்ணிக்கைக்கு கிட்டத்துல போகணும்னா மேல்பரப்பு வடிவத்தை அளங்க, கூடவே பி செல் ஜீன்களான பேக்ஸ்5, சிடி79ஏ, சிடி79பி அளங்க. பிளாஸ்மா செல்லுக்கு ப்ளிம்ப்1, எக்ஸ்பிபி1 ஏறும், பேக்ஸ்5 இறங்கும், வெளிய போற ஐஜிஎம் எகிறும், இந்த மூணும் சேர்ந்து வந்தா கதை தெளிவு. ப்ளிம்ப்1ஐ மட்டும் தனியா வெச்சு எதுவும் சொல்லாதீங்க, அது டி செல்லுலயும் மத்த திசுலயும் கூட வேலை பாக்குது.

மீன் பி செல்லுக்கு இன்னொரு குணம், அது பாக்டீரியாவை விழுங்கும், 2006ல ட்ரவுட்ல இதை காட்டினாங்க. அதனால "ஒளிர்ற மணியை விழுங்கிச்சு, ஆகவே மேக்ரோஃபேஜ்"ங்கற பழைய பழக்கம் மீன்ல செல்லாது.

மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், மத்தவங்க

மேக்ரோஃபேஜுக்கு எம்பெக்1 தான் ரொம்ப பிரபலம், 2011ல ஜீப்ராஃபிஷ் ரிப்போர்ட்டர் வந்ததுல இருந்து லார்வா வேலை முழுக்க அது தான். லார்வால அது நல்லாவே நம்பலாம். ஆனா வளர்ந்த மீன்ல எம்பெக்1 பி செல்லுலயும் இருக்குன்னு 2020ல காட்டிட்டாங்க, தோல்ல இருக்கற மெட்டாஃபோசைட்னு ஒரு வகை செல்லுலயும் இருக்கு, அது ரத்த செல் வம்சமே கிடையாது. அதனால வளர்ந்த மீனோட கிட்னில எம்பெக்1 செல்லை சார்ட் பண்ணி (தனியா பிரிச்சு எடுத்து) மேக்ரோஃபேஜ்னு பேர் வெச்சா உள்ள பி செல்லும் உக்காந்திருக்கும். எம்பெக்1 கூட எம்எஃப்ஏபி4, மார்கோ, சிஎஸ்எஃப்1ஆர் சேர்த்து, ஐஜிஎம்மும் பேக்ஸ்5உம் இல்லைன்னு உறுதி பண்ணுங்க. சிஎஸ்எஃப்1ஆர் தனியா வேண்டாம், மஞ்சள் நிறமி செல்லுலயும் அது இருக்கு, தோல், துடுப்பு சாம்பிள்ல நல்லா ஏமாத்தும். மூளைக்குள்ள இருக்கற மைக்ரோக்ளியாவுக்கு ஜீப்ராஃபிஷ்ல அப்போஇபி, பி2ஆர்ஒய்12 ரெண்டையும் சேர்த்து பாக்கறது வழக்கம்.

நியூட்ரோஃபிலுக்கு எம்பிஎக்ஸ், அதாவது மைலோபெராக்ஸிடேஸ். ஜீப்ராஃபிஷ்ல 2006லயே இதுக்கு பச்சை ரிப்போர்ட்டர் வந்தாச்சு. லைசோசைம் ஜீனும் நல்லா இருக்கும், ஆனா லார்வால சில மேக்ரோஃபேஜ்லயும் லேசா தெரியும், மத்த மீன் இனங்கள்ல லைசோசைம் வேற வகைகளும் இருக்கு, அதனால எம்பிஎக்ஸ் கூட சேர்த்து போடுங்க. சிஎஸ்எஃப்3ஆர் மூணாவதா நல்ல துணை. எம்எம்பி9 நியூட்ரோஃபில்ல அதிகம் தான், ஆனா காயம் பட்ட திசுல வேற செல்லும் அதை உருவாக்கும், அதனால அடையாளத்துக்கு அது வேண்டாம்.

த்ராம்போசைட்டுக்கு ஐடிஜிஏ2பி, அதாவது சிடி41. ஜீப்ராஃபிஷ் ரிப்போர்ட்டர்ல பிரகாசமா இருக்கறது த்ராம்போசைட், மங்கலா இருக்கறது ரத்த ஸ்டெம் செல், ரெண்டையும் ஒரே வலையில பிடிக்காதீங்க. மாஸ்ட் செல்லுக்கு ஜீப்ராஃபிஷ்ல சிபிஏ5. எல்லா வெள்ளை அணுவுக்கும் பொதுவா பிடிபிஆர்சி, அதாவது சிடி45, அது இருந்தா வெள்ளை அணு வம்சம்னு சொல்லலாம், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது.

என்கே செல் தான் கஷ்டம். மீனுக்கே உரிய நைட்டர் ரிசெப்டர் குடும்பம் இருக்கு, ஆனா இனத்துக்கு இனம் எண்ணிக்கையும் வடிவமும் மாறிடும், ஒரு மீனோட ப்ரைமர் பக்கத்து மீனுக்கு உதவாது. என்கே-லைசின், பெர்ஃபோரின் ரெண்டும் சைட்டோடாக்ஸிக் டி செல்லுலயும் இருக்கு. அதனால அந்த கொல்ற ஜீன்கள் இருந்து, டி செல் ரிசெப்டரும் சிடி3 எப்சிலானும் இல்லைன்னா மட்டும் என்கே மாதிரி செல்னு எழுதலாம், "மாதிரி"ங்கற வார்த்தையை எடுக்காதீங்க. டென்ட்ரிட்டிக் செல்லும் இதே நிலைமை, எம்எச்சி கிளாஸ் 2, சிடி83, பேட்ஃப்3, எக்ஸ்சிஆர்1, எஃப்எல்டி3னு நாலஞ்சு சேர்த்து தான் ஏதாவது பேச முடியும்.

இதெல்லாம் செல் யாருன்னு சொல்ற ஜீன்கள். ஐஎல்1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎன்ஓஎஸ், ஆர்ஜினேஸ்2 இதெல்லாம் செல் இப்ப என்ன பண்ணிட்டு இருக்குன்னு சொல்ற ஜீன்கள். ரெண்டையும் ஒரே டேபிள்ல கலந்து போடறதை நிறைய இடத்துல பாக்கறேன், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமான விஷயம். டிஎன்எஃப் ஆல்ஃபா ஏறிச்சுன்னா மேக்ரோஃபேஜ் வந்துச்சுன்னு அர்த்தம் ஆகாது, அங்க ஏற்கனவே இருந்த மேக்ரோஃபேஜ் முழிச்சுக்கிச்சுன்னும் இருக்கலாம், வேற செல் அதை போட்டிருக்கவும் செய்யலாம்.

ப்ரைமரும் க்யூபிசிஆரும்

ஜீன் எதுன்னு முடிவாச்சுன்னா க்யூபிசிஆருக்கு (எம்ஆர்என்ஏ எவ்வளவு இருக்குன்னு அளக்கற முறை) ப்ரைமரை எக்ஸான் ரெண்டு சேர்ற இடத்துல வைங்க, ஜீனோமிக் டிஎன்ஏ பெருகாது. ஆர்என்ஏவை டிஎன்ஏஸ் போட்டு சுத்தம் பண்ணுங்க, ரிவர்ஸ் ட்ரான்ஸ்கிரிப்டேஸ் போடாத ஒரு கன்ட்ரோலும் வைங்க. இரட்டை ஜீன் இருக்கற மீன்ல ரெண்டு பிரதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அலைன் பண்ணி, ப்ரைமரோட 3 பிரைம் முனை வித்தியாசமான எழுத்துல முடியற மாதிரி பாத்துக்கோங்க. பெருகி வந்த பொருளை ஒரு தடவையாவது சீக்வன்ஸ் பண்ணிடுங்க, மெல்ட் கர்வ்ல ஒரே மலை வந்தாலும் அது வேற பிரதியோட மலையா இருக்கலாம்.

பத்து மடங்கு நீர்த்த வரிசையில ஸ்டாண்டர்ட் கர்வ் போட்டா சாய்வு -3.1க்கும் -3.6க்கும் நடுவுல வரணும், அதாவது திறன் 90ல இருந்து 110 சதவீதம். ரெஃபரன்ஸ் ஜீன் (ஒப்பிடறதுக்கு வைக்கற, மாறாத ஜீன்) ஒண்ணு போதாது, பீட்டா ஆக்டின் மட்டும் வெச்சு எழுதறது எனக்கு சுத்தமா பிடிக்காது, நோய் வந்த திசுல வெள்ளை அணு உள்ள வந்தாலே ஆக்டின் மாறிடும். ஈஎஃப்1 ஆல்ஃபா, ஒண்ணு ரெண்டு ரைபோசோம் புரோட்டீன் ஜீன் எடுத்து உங்க திசுல, உங்க சிகிச்சைல நிலையா இருக்கான்னு சோதிச்சு அப்புறம் வைங்க. 2009ல வந்த எம்ஐக்யூஇங்கற க்யூபிசிஆர் வழிகாட்டில என்னென்ன எழுதணும்னு எல்லாமே இருக்கு.

ப்ரைமர் வந்ததும் நேரா சோதனை சாம்பிள்ல போடாதீங்க. ஆரோக்கியமான ஒரு மீனோட தைமஸ், ஹெட் கிட்னி, மண்ணீரல், செவுள், தசைன்னு அஞ்சையும் எடுத்து முதல்ல ஓட்டுங்க. தைமஸ்ல ராக்1, சிடி4, சிடி8 மூணும் உச்சத்துல இருக்கணும், ஐஜிஎம் அங்க கம்மியா இருக்கணும். எம்பிஎக்ஸ் ஹெட் கிட்னில அதிகமா, தசையில கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம இருக்கணும். இந்த அஞ்சு திசு ஒழுங்கா வரலைன்னா மேல போகவே கூடாது, ப்ரைமர் தப்பு, இல்லைன்னா ஜீனே தப்பு.

ஏறின எண்ணை எப்படி படிக்கறது

திசு முழுசா அரைச்சு அளந்த எண் ஒண்ணுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, எத்தனை செல் இருக்கு, ஒரு செல் எவ்வளவு உருவாக்குதுன்னு. வைரஸ் தாக்கின செவுள்ல சிடி8 ஆல்ஃபா நாலு மடங்கு ஏறிச்சுன்னு வைங்க, அதே சாம்பிள்ல சிடி3 எப்சிலானும் டி செல் ரிசெப்டர் ஆல்ஃபாவும் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறியிருந்தா டி செல் உள்ள வந்திருக்குன்னு சொல்ல நியாயம் இருக்கு. சிடி3 எப்சிலான் அப்படியே இருந்து சிடி8 ஆல்ஃபா மட்டும் ஏறியிருந்தா டி செல்லுக்குள்ள விகிதம் மாறியிருக்கலாம், இல்லைன்னா முன்னாடி சொன்ன சிடி8 ஆல்ஃபா இருக்கற டென்ட்ரிட்டிக் செல் கூட்டமா இருக்கலாம், சிடி8 பீட்டாவை பாத்தா பாதி பதில் கிடைச்சுடும். ஹெட் கிட்னில இறக்கம் வந்தா செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, அங்க இருந்து கிளம்பி தாக்குதல் நடக்கற இடத்துக்கு போயிருக்கலாம், ரெண்டு உறுப்பையும் ஒரே மீன்ல ஒரே நேரத்துல அளந்தா தான் தெரியும்.

இதுக்கெல்லாம் கடைசி பதில் கண்ணால பாக்கறது தான். இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன், ஆர்என்ஏஸ்கோப், எச்சிஆர் (எல்லாமே திசுக்குள்ளயே எம்ஆர்என்ஏவை நிறமா காட்டற முறைகள்) எதுவா இருந்தாலும் சரி, வெட்டின திசுல ரெண்டு நிறத்துல ரெண்டு ஜீனை போட்டு, ரெண்டும் சேர்ந்து இருக்கற செல்லை எண்ணுங்க. சிடி3 எப்சிலான் பச்சை, சிடி8 ஆல்ஃபா சிவப்பு, ரெண்டும் விழுந்த செல்லை மட்டும் எண்ணினா மேல சொன்ன சந்தேகம் பூரா தீர்ந்துடும். பாக்டீரியா ஜீனுக்கான ப்ரோப் நெகட்டிவ் கன்ட்ரோலா கட்டாயம் வேணும், மீன் திசுல தானா ஒளிர்ற துகள் ஏராளம், கறுப்பு நிறமி சிக்னலை மறைச்சும் விடும்.

சிங்கிள் செல் பண்றவங்களுக்கு

இப்ப நிறைய பேர் நேரா சிங்கிள் செல் ஆர்என்ஏ சீக்வன்சிங்குக்கு போறாங்க, ஆன்டிபாடி இல்லாத மீனுக்கு இதை விட நல்ல வழி கிடையாதுன்னு நானும் நினைக்கறேன். ஆன்டிபாடி இல்லாமலே முதல் சுத்து பிரிச்சுக்கலாம், ஜீப்ராஃபிஷ் கிட்னி செல்லை ஃப்ளோ சைட்டோமெட்ரில ஃபார்வேர்டு ஸ்கேட்டர், சைட் ஸ்கேட்டர்ல (ஒளி சிதறறதை வெச்சு செல்லோட அளவையும் உள் அமைப்பையும் அளக்கறது) ஓட்டினா சிவப்பு அணு, லிம்போசைட், முன்னோடி செல், மைலாய்டு செல் (மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் வகை)னு நாலு தீவா பிரியும்னு 2003லயே காட்டிட்டாங்க. சிவப்பு அணு தீவை விட்டுட்டு மத்ததை எடுத்தா சீக்வன்சிங் செலவு ஹீமோகுளோபின்ல கரையாது.

டேட்டா வந்த பிறகு கவனிக்க வேண்டியது. கிட் பெரும்பாலும் ஜீனோட 3 பிரைம் முனையை தான் படிக்கும், நிறைய மீன் ஜீனோம்ல அந்த முனை சரியா குறிக்கப்படலை, அதனால சிடி4 சிக்னலே இல்லைன்னு தெரிஞ்சா உடனே செல் இல்லைன்னு நினைக்காதீங்க, ஐஜிவிங்கற ஜீனோம் பாக்கற டூல்ல அந்த ஜீன் முடியற இடத்தை திறந்து பாருங்க, ரீட் எல்லாம் ஜீன் எல்லைக்கு வெளிய குவிஞ்சு கிடக்கும். எல்லையை நீட்டி திரும்ப எண்ணினா செல் வந்துடும். எல்லா க்ளஸ்டர்லயும் (ஒத்த செல்களோட கூட்டம்) லேசா ஹீமோகுளோபினும் ஐஜிஎம்மும் தெரிஞ்சா அது உடைஞ்ச செல்லுல இருந்து சூப்ல மிதந்த ஆர்என்ஏ, அதை கழிக்க டூல் இருக்கு, கழிச்சுட்டு பேர் வைங்க. மேக்ரோஃபேஜ் க்ளஸ்டர்ல எம்பிஎக்ஸ் தெரிஞ்சா புது செல் வகை கண்டுபிடிச்சுட்டோம்னு குதிக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு செல் ஒரே துளில விழுந்துச்சா, இல்ல அந்த மேக்ரோஃபேஜ் ஒரு நியூட்ரோஃபிலை விழுங்கி செரிச்சுட்டு இருந்துச்சான்னு கேட்டுக்கோங்க.

ஜீப்ராஃபிஷ்ல வேலை பண்றவங்களுக்கு இன்னொரு உறுதியான சோதனை கையில இருக்கு. ராக்1 இல்லாத மியூட்டன்ட் மீன் 2002ல இருந்து இருக்கு, அதுல முதிர்ந்த டி செல்லும் பி செல்லும் உருவாகாது. உங்க புது மார்க்கர் டி செல்லுக்கே உரியதுன்னா அந்த மீனோட கிட்னில சிக்னல் காணாம போயிடணும், போகலைன்னா அது என்கே மாதிரி செல்லுலயோ மைலாய்டு செல்லுலயோ கூட இருக்கு. மேக்ரோஃபேஜுக்கு இதே மாதிரி ஐஆர்எஃப்8 மியூட்டன்ட் லார்வா உதவும்.

வேற மீன்ல வேலை பண்றவங்களுக்கு அந்த வசதி இல்ல, அவங்க வேற யாராவது பண்ணின ஐஜிஎம் ஆன்டிபாடி ஒண்ணு கிடைச்சா கூட போதும், அதை வெச்சு செல்லை ரெண்டா சார்ட் பண்ணி, ஐஜிஎம் இருக்கற பக்கம், இல்லாத பக்கம் ரெண்டுலயும் மொத்த ஜீன் பேனலையும் ஓட்டிடுங்க. பேக்ஸ்5, சிடி79ஏ ஒரு பக்கமும் சிடி3 எப்சிலான், எம்பிஎக்ஸ் மறு பக்கமும் சுத்தமா பிரிஞ்சு வந்தா பேனல் உங்க மீன்ல வேலை செய்யுது. எழுதும்போது ஜீன் பேரோட நிறுத்தாம எந்த பிரதி, அதோட அக்ஸெஷன் எண் என்ன, ப்ரைமர் எந்த எக்ஸான்ல உக்காந்திருக்கு, ஐஜிஎம்னா எந்த வடிவம்னு எல்லாத்தையும் போட்டுடுங்க, அடுத்து அதே மீன்ல ஆரம்பிக்கறவங்க உங்க டேபிளை எடுத்து அப்படியே ஓட்ட முடியணும்.